லயமும் நிலமும்: மலையக மக்களின் சமூக உருவாக்கம் பற்றிய சில குறிப்புகள்

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றைப் பின்பற்றி வந்துள்ளனர். ஒன்று, அதனைப் புலப்பெயர்வின் துயரக் கதையாகக் கூறுவது. மற்றது, சட்டங்கள், ஒப்பந்தங்கள், தேர்தல்கள் ஆகியவற்றின் காலவரிசையாக அமைப்பது. இரண்டும் வேண்டப்படுவனவே. ஆயினும் இவ்விரண்டிலும் அம்மக்களின் வாழ்க்கை முறை பின்னணிக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றது. அல்லது 'பழக்கவழக்கங்கள்' என்னும் தலைப்பில் நூலின் இறுதியில் தனி அத்தியாயமாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டக் குடும்பம் எத்தகைய அறையில் உறங்குகின்றது, எவ்வொலி கேட்டு எழுகின்றது, எத்தெய்வத்துக்குப் பொங்கலிடுகின்றது என்பனவும் உற்பத்தி உறவுகளின் வரலாற்றைச் சேர்ந்தனவே. குடியுரிமைப் பிரச்சினை என்று நாம் பழகிய பெயரால் வழங்கும் ஒன்றின் அடியில் நிலப் பிரச்சினை கிடக்கின்றது என்பதும், அந்நிலப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும் வடிவமே லயம் என்பதும் இக்கட்டுரையில் நாம் முன்வைக்க விரும்பும் கருத்தாகும்.

முதலில் நிலம் எவ்வாறு தோட்டமாயிற்று என்பதை நோக்குதல் வேண்டும். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1830களின் இறுதியில் பெருமுதலீட்டுக்குரிய துறையாக வளர்ந்தது. காடும் சேனை நிலமும் உறுதிப் பத்திரத்தால் ஆளப்படுவனவல்ல. கண்டிய விவசாயி அவற்றை வழக்காற்றுரிமையின்படி அனுபவித்து வந்தான். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் முடிக்குரிய காணி எனக் கொண்டது. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையில் அவை விற்கப்பட்டன. வாங்கியோருள் ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கன்சியும் உயர் அதிகாரிகளும் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது: விற்றவரும் வாங்கியவரும் ஒரே வகுப்பினர்.

காட்டை இழந்த கண்டிய விவசாயி வயலை முற்றாக இழக்கவில்லை. ஆகவே கூலியுழைப்பை மட்டுமே நம்பி வாழும் நிலைக்கு அவன் இறங்கவில்லை; தோட்டத்தில் நிரந்தரமாக உழைக்க மறுத்தான். இம்மறுப்பைத் துரைமார் சோம்பல் என்று எழுதி வைத்தனர். வயலுள்ள ஒருவன் பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்க விரும்பாமைக்குச் சோம்பல் என்ற விளக்கம் தேவையில்லை. வயலற்ற மனிதரைத் தேடி முதலாளித்துவம் பாக்கு நீரிணையைக் கடந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் பண்ணையாட்களும் குத்தகை நிலத்தை இழந்த சிறு விவசாயிகளும் இவ்வாறு வந்து சேர்ந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் இவ்வரவைப் பெருக்கியது. நிலம் பறிக்கப்பட்ட இரு விவசாய மக்கள் கூட்டத்தினர் ஒரே மலையில் ஒருவரையொருவர் அந்நியராகக் காணும் நிலை இவ்வாறு தோன்றியது. இதன் விளைவுகள் இருபதாம் நூற்றாண்டின் அரசியலில் எவ்வளவு கொடியனவாய் அமைந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

கோப்பிக் காலத்து வரவு பருவகால வரவு. ஊரில் வேளாண்மை ஓய்ந்தபின் வந்து, பழம் பறிக்கும் காலம் முடியத் திரும்புவோரே மிகுதி. இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தனர். பேதியும் காய்ச்சலும் அப்பாதையில் எடுத்த உயிர்கள் பல. பிஜி, மொரிசியசு, நாற்றால் ஆகிய இடங்களுக்குச் சென்றோர் ஆண்டுக்கணக்கு வரையறுக்கப்பட்ட ஒப்பந்தத்தில் கைந்நாட்டிட்டுச் சென்றனர். இலங்கைக்கு வந்தோருக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. இதனைக் காட்டி, இலங்கைத் தொழிலாளர் 'சுதந்திரமான' தொழிலாளர் என்று குடியேற்ற அதிகாரிகள் பெருமை பேசினர். உண்மையில் ஒப்பந்தத்தின் இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது. ஊரில் கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, வந்தபின் வாங்கிய அரிசியும் கம்பளியும் எல்லாம் அவன் பெயரில் பற்றாக எழுதப்பட்டன. ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் உண்டு. கடனுக்கு அது இல்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளர் மாறுகையில், அவர்தம் கடன் தீர்க்கப்பட்டால் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டோடு கடன் கைமாறியது. கடனோடு மனிதர் கைமாறினர். 1921 இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. 'சுதந்திரமான' தொழிலாளியின் சுதந்திரம் இத்தகையது.

கங்காணியை வெறும் ஆள்பிடிப்பவனாகக் கொள்வது போதாது. அவன் ஊரில் உறவினன், வழியில் தலைவன், தோட்டத்தில் மேற்பார்வையாளன், கடன் கொடுப்பவன், கடைக்காரன், கோயிலில் முதல் மரியாதை பெறுபவன். தன் கணக்கிலுள்ளோர் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று 'தலைக்காசு' பெற்றான். நிலவுடைமைச் சமூகத்தின் அதிகாரமும் முதலாளித்துவக் கணக்கும் ஓருடலில் புகுந்த வடிவம் அவன். தோட்ட முதலாளித்துவம் சாதியைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்ப்போர் இவ்விடத்தில் ஏமாற்றமடைவர். கங்காணி திரட்டிய கூட்டம் பெரும்பாலும் சாதி வழியிலும் உறவு வழியிலும் அமைந்தது. லயங்களும் அவ்வழியே பிரிக்கப்பட்டன. பெரிய கங்காணிமாருள் கள்ளர், அகம்படியர், வெள்ளாளர், ரெட்டியார் முதலிய 'குடியானவர்' மிகுந்திருக்க, தொழிலாளருள் பள்ளர், பறையர், சக்கிலியர் பெருந்தொகையினராயிருந்தனர். உழைப்பை ஒழுங்குபடுத்தும் கருவியாக ஏற்கெனவே இருந்த ஒன்றை மூலதனம் கூலியின்றிப் பெற்றுக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படரும் நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. 1880களின் நடுப்பகுதிக்குள் அந்நோய் கோப்பித் தொழிலை வீழ்த்திவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்தியர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884 இல் ஹற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் புகையிரதப் பாதை எட்டியது. இவற்றைப் பயிர் மாற்றமாக மட்டும் கூறிச் செல்வது வழக்கம். ஆயின் மலையக மக்களின் தோற்றத்துக்கு இதுவே திருப்புமுனை என்பது எமது துணிபு. கோப்பிக்கு ஆண்டில் சில மாதங்களே கைகள் வேண்டும். தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்விடுகின்றது. வாரத்துக்கொருமுறை அதே மலைக்குத் திரும்பக் கொழுந்தெடுக்க வேண்டும். எடுத்த கொழுந்தை அன்றே தொழிற்சாலையில் சேர்க்க வேண்டும். எனவே தொழிலாளி செடிக்கருகே குடியிருத்தல் இன்றியமையாததாயிற்று. கொழுந்தெடுப்பதற்குப் பெண்களும், புல்வெட்டவும் கவ்வாத்து வெட்டவும் ஆண்களும், சில்லறை வேலைகளுக்குச் சிறுவரும் தேவைப்பட்டமையால் குடும்பம் குடும்பமாக வரவழைக்கப்பட்டனர். வந்து போகும் கூட்டம் ஊன்றி வாழும் மக்களாக மாறியது. அவர்களைக் குடியிருப்போராக்கியது அவர்தம் விருப்பம் மட்டுமன்று. தேயிலையின் இயல்பே அதனை வேண்டி நின்றது.

அக்குடியிருப்பின் வடிவம் யாது? தகரக் கூரையின்கீழ் வரிசையாகப் பத்து அல்லது பன்னிரண்டு அறைகள். சிலவிடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அடுப்பும் அங்கேயே, நோயாளியும் அங்கேயே, மகன் மணம் முடித்தால் அவன் குடித்தனமும் அங்கேயே. சேலையைத் திரையாகக் கட்டி ஒரு காம்பராவை இரண்டாக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 'காம்பரா', 'இஸ்தோப்பு' ஆகிய சொற்கள் போர்த்துக்கேய, ஒல்லாந்தத் தொடர்பால் வந்தவை. 'லயம்' ஆங்கிலச் சொல்லின் திரிபு. தம் வீட்டின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்கள் கூட இம்மக்களுக்கு வெளியிலிருந்து வந்தமை சொல்லாராய்ச்சியாளரின் கவனத்துக்குரியது. தோட்டங்களின் பெயர்களும் அவ்வாறே. ஹோலிரூட், டன்சினன் என ஸ்கொட்லாந்தின் அரண்மனையும் குன்றும் மலையகத்தில் தோட்டங்களாயின. 'மக்பெத்' நாடகத்தில் கொடுங்கோலனின் கோட்டை நின்ற குன்றின் பெயரைப் பூண்டுலோயாவில் ஒரு தேயிலைத் தோட்டம் தாங்கி நிற்கின்றது! தொழிலாளரோ அப்பெயர்களைப் பொருட்படுத்தாது தமக்கெனத் தமிழ்ப் பெயர்களை இட்டு வழங்கினர்.

லயத்தில் வாழ்பவர் வாடகை செலுத்துவதில்லை. இது தோட்ட முதலாளியின் தாராளம் போலத் தோன்றும். வாடகை செலுத்துபவன் வாடகைக் குடியாளாகின்றான். அவனுக்குச் சட்டத்தில் ஓர் இடமுண்டு. இலவசமாக இருப்பவனுக்கு அவ்விடமும் இல்லை. வேலை உள்ளவரை அறை. வேலை நின்றால் அறையும் நின்றது. தபாற்காரர் லயத்துக்கு வருவதில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் தங்கி, யாரேனும் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஒருவர் ஓரிடத்தில் வாழ்கின்றார் என்பதைச் சாட்சியப்படுத்தும் உறுதி, வரிச்சீட்டு, வாடகைச்சீட்டு, முகவரி ஆகிய எதுவும் தோன்றாதவாறு அமைந்த வாழிடம் இது. இதனை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும்.

இவ்வாழிடத்தின் நாள், விடியுமுன் தப்பொலியோடு தொடங்கியது. ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும் முழங்கிய தப்பு, தோட்டத்தில் பிரட்டுக்கு ஆள் சேர்க்கும் கருவியாயிற்று. சடங்கின் காலத்தை அளந்த பறை தொழிற்சாலையின் காலத்தை அளக்கத் தொடங்கிய இம்மாற்றம், எமது நாட்டார் வழக்காற்றியலாளர் தனியே ஆராய வேண்டியதொன்றாகும். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுப்பார். ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்தில் 'பேர்' என்றே பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. இம்மாதம் எத்தனை பேர் என்று ஒருவர் வினவினால், மனிதரை அன்று, உழைத்த நாட்களையே அது குறிக்கும். மனிதரின் பெயர் நாட்கூலியின் அலகாகிவிட்ட இச்சொல்லாட்சியைக் காட்டிலும், உழைப்புச் சக்தி பண்டமாவது என்ற கோட்பாட்டுக்குத் தமிழில் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. மாத முடிவில் அரிசி, கோயில், வண்ணார், நாவிதர் எனக் கழிவுகள் போக மிஞ்சியதே சம்பளம். 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். சட்டமே குடும்பத்தை மூன்று விலைகளாகப் பிரித்தது.

பெண்ணின் விலை குறைவு, வேலை மிகுதி. தேயிலைத் தொழிலின் முதுகெலும்பான கொழுந்தெடுப்பு முழுவதும் அவள் கையில். தப்படிக்குமுன் எழுந்து ரொட்டி தட்டி, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மட்டக்கம்பும் கூடையுமாக மலையேறுபவள், மாலையில் நிறுவை முடிந்து லயத்துக்கு வந்தபின் விறகுக்கும் தண்ணீருக்கும் போகின்றாள். ஆண் தொழிலாளியோ கொடுத்த கணக்கை முடித்துவிட்டால் பிற்பகலிலேயே வீடு திரும்பிவிடுவதுண்டு. சம நாட்கூலி 1984 இல்தான் கிடைத்தது. தொழிற்சங்கங்களுக்குச் சந்தா செலுத்தியோருள் பெண்கள் பெரும்பான்மையினராயிருந்தும் சங்க மேடைகளில் அவர்களைக் காண்பது அரிதாயிற்று. இடதுசாரிச் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல என்பதை நாம் ஒளித்துரைக்க வேண்டியதில்லை.

பண்பாட்டைப் பற்றிக் கூறுகையில், மலையக வழக்காறுகளைத் தமிழகக் கிராமத்தின் எச்சங்கள் எனக் கொள்ளும் கருத்து இன்றும் செல்வாக்குடன் நிலவுகின்றது. மாரியம்மன், முனியாண்டி, பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு, காமன் கூத்து எல்லாம் அங்கிருந்து வந்தன என்பதில் ஐயமில்லை. வந்தபின் அவை என்னவாயின என்பதே கேள்வி. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி தோன்றியது. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் நடந்தது. இத்தெய்வங்களுக்குத் தஞ்சையிலோ சேலத்திலோ மூலமில்லை. சக்கரம் கையை நசுக்கும், கத்தி வழுக்கும், மலைச்சரிவு கால் தவறச் செய்யும். இயந்திரத்தின் ஆற்றலுக்கு முன் தொழிலாளியின் அச்சம் எடுத்த வடிவமே ரோதைமுனி. அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. பாதுகாப்பற்ற தொழில் நிலைமையின் பதிவேடாக வாசிப்பதே ஆராய்ச்சியாளருக்கு உரியது.

காமன் கூத்தும் அத்தகையதே. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவர். மன்மதன் இரதி திருமணம், தூதன் வருகை, சிவன் தவத்தைக் குலைக்கச் செல்லும் மன்மதனை இரதி தடுத்தல், அவன் எரிதல், அவள் புலம்பல் எனப் பல இரவுகளாக அது விரியும். நடிப்போரும் பார்ப்போரும் ஒரே தோட்டத்தார். நேர்த்திக்கடனாக வேடம் ஏற்போர் பலர். ஒரு கிராமத்தின் தெருக்களில் பிரிந்து வாழ்ந்த சாதியினர், பல மாவட்டத்து மனிதர், ஒரு தோட்டத்தாராகத் தம்மை உணர்ந்த அரங்கு இது எனலாம். போகாதே என்று மறித்தும் போனவன் திரும்பாமற் போகும் இக்கதையில், கடலைக் கடந்து வந்த மக்கள் தம் பிரிவுகளையும் கண்டிருத்தல் கூடும். ஆயின் கூத்து நடக்கும் பொட்டலும் கோயில் நிற்கும் மேடும் தோட்டத்துக்கே உரியவை. ஓய்வு நாளுக்கும் விழாவுக்கும் துரையின் அனுமதி வேண்டும். தெய்வமும் இங்கே அனுமதி பெற்றே குடியிருந்தது.

எழுத்திலக்கியத்தில் இம்மக்கள் தம் குரலிலே பேச நெடுங்காலம் பிடித்தது. கோப்பி இலையில் நோய் கண்ட அதே 1869 இல் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. உழைக்கும் பெண்களின் ஆடல் வடிவமான கும்மி, தோட்டத்துரையின் பார்வைக்கு வாகனமாக்கப்பட்டமைக்கு அந்நூல் சான்று. 1935 இல் 'மணிக்கொடி'யில் வந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தமிழகத்து வாசகரை அதிரவைத்தது. எனினும் அதில் தோட்டம் மனிதரை விழுங்கும் கேணியாக மட்டுமே காட்சியளிக்கின்றது. கேணிக்குள் ஒரு சமூகம் உருவாகிக்கொண்டிருந்ததை அது காணவில்லை. வட்டகொடைக்கு அண்மையில் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதையும் உரைச்சித்திரமும் எழுதி, தமிழில் நாவல் படைத்து, தோட்டப் பாடல்களையும் தொகுத்தார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானார். மலையகத்தைத் தாயகமாகக் கொண்ட நோக்கு அவரிடமே முழுமையாக வெளிப்படுகின்றது. கோகிலம் சுப்பையா, தெளிவத்தை ஜோசப், என். எஸ். எம். இராமையா முதலியோரின் ஆக்கங்கள் அப்பாதையை அகலமாக்கின. 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லுக்கு எதிராக 'மலையகம்' என்ற பெயர் 1960களில் ஆசிரியர்களாலும் எழுத்தாளர்களாலும் எழுப்பப்பட்டமை இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே பிரித்து எண்ணியது. 2024 மதிப்பீட்டில் அதன் பக்கத்தில் மலையகத் தமிழர் என்ற பெயரும் இடம்பெற்றது. இடையில் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள்.

இனி, நிலத்துக்கு வருவோம். தோட்டம் தனியார் சொத்து. வெளியார் உட்புகுந்தால் அத்துமீறல். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தொழிலாளர் நிலையை அறியப் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். 1931 இல் ஹற்றனில் அவர் தொடங்கிய சம்மேளனமே மலையகத்தின் முதல் தொழிற்சங்க அமைப்பு. அவர் மனைவி மீனாட்சியம்மையார் பாரதி பாடல்களையும் தம் பாடல்களையும் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானார். கூலியுயர்வுப் போராட்டமாகத் தொடங்கியது, தோட்டத்துக்குள் சங்கம் நிற்க உரிமையுண்டா என்ற கேள்வியாக மாறியிருந்தது.

இக்கட்டத்தில் சட்டம் லயத்தைக் கண்டுபிடித்தது. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபின், கிராம சபைத் தேர்தல்களில் இந்தியத் தொழிலாளர் வாக்களிப்பதைத் தடுக்க 1937 இல் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. இனத்தைச் சுட்டுவது பாகுபாடாகத் தோன்றும் என்று குடியேற்ற அலுவலகம் தயங்கவே, எவ்வினத்தவராயினும் தோட்டக் குடியிருப்பில் வாழும் தொழிலாளர் வாக்களிக்கலாகாது என்று சொல் மாற்றப்பட்டது. இனத்தின் பெயரால் கூற இயலாததை இருப்பிடத்தின் பெயரால் கூறினர். ஒதுக்கலின் இலக்கணமாக லயம் முதன்முதலில் சட்டநூலில் ஏறியது இவ்வாறே.

அடுத்த நிகழ்ச்சி மலையகத்தின் மேற்கு ஓரத்தில், கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர்த் தோட்டத்தில் நடந்தது. நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக அரசு அத்தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் மறுத்தனர். 1946 இல் மலையகமெங்கும் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. வெளியேற மறுத்தோர் மீது குற்றமுறையான அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது: தாம் வாழ்ந்த அறையில் தொடர்ந்து இருந்தமையே குற்றம்! வழக்கு இலண்டனில் கோமறைக் கழகம் வரை சென்றது. பிறரைத் தொல்லைப்படுத்தும் எண்ணம் வேறு, தன் வீட்டை விட்டுப் போக விரும்பாமை வேறு என்ற வேறுபாட்டை 1950 இல் அது ஏற்றுக்கொண்டது. நிலமற்ற சிங்கள விவசாயியும் நிலமற்ற தமிழ்த் தொழிலாளியும் ஒரு துண்டு மண்ணுக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்ட இந்நிகழ்ச்சியில் தோட்ட முதலாளி நட்டமின்றி விலகிக்கொண்டான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. மறு ஆண்டே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வந்த இரு சட்டங்களுள் ஒன்று பதிவுக் குடியுரிமைக்கு நிபந்தனை விதித்தது. மற்றது வாக்காளர் பட்டியலிலிருந்து இவர்களை நீக்கியது. வர்க்க ஒற்றுமையின் முளையைக் கிள்ளுவது இச்சட்டங்களின் நோக்கங்களுள் ஒன்று என்பது தெளிவு. எமக்கு இங்கு முக்கியமானது நிபந்தனையின் தன்மை. 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிரூபித்தல் வேண்டும். தபாலும் உறுதியும் வரிச்சீட்டும் எட்டாத பத்தடி அறையில் பிறந்து வளர்ந்தவரிடம் வாழ்ந்தமைக்கு ஆவணம் கேட்கப்பட்டது. ஒரு முறை இந்தியா சென்று வந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது என்று கொள்ளப்பட்டதுமுண்டு. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டு, 1964 அளவில் ஏறக்குறைய 1,34,000 பேரே பதிவு செய்யப்பட்டனர். நாடற்றவராதற்கு முன்பே இவர்கள் வீடற்றவராக்கப்பட்டிருந்தனர். 'வீடற்றவன்' என்று தம் நாவலுக்குப் பெயரிட்ட சி. வி. இதனை நன்குணர்ந்திருந்தார்.

1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் 1974 இல் சரிபாதியாக்கப்பட்டது. எவரிடமும் கேட்கப்படவில்லை. தலைமன்னார்க் கப்பலில் ஏறியோரின் குடும்பங்கள் இரு கரைகளிலும் பிளவுண்டன. நீலகிரியில் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் பலர் மீண்டும் கொழுந்தெடுத்தனர். எஞ்சியோர் குடியுரிமை 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் படிப்படியாகத் தீர்ந்தது.

நிலம் தீரவில்லை. 1972 ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தமும் 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானமையும் முற்போக்காளரால் வரவேற்கப்பட்டன. கொள்கையளவில் அது சரியே. ஆயின் தோட்டத்தில் உழைத்தோர் நிலம் பெறவேண்டியோராக எண்ணப்படவில்லை. 1973–74 இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பலர் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு நகரத் தெருக்களில் கையேந்தினர். 1977 இல் நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்க முனைந்தபோது தொழிலாளர் எதிர்த்தனர். மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் பொலிசாரால் சுடப்பட்டு இறந்தார். நேவ்ஸ்மியரில் எழுந்த அதே கேள்வி, முப்பத்தோராண்டுக்குப் பின் ஹற்றன் மலைகளில் மீண்டும் எழுந்தது. சமூக உடைமையின் பெயரால் இன உடைமை நடைமுறையாவதை அன்று எம்மவர் போதியளவு கண்டிக்கவில்லை. அதே ஆண்டிலும் 1981, 1983 ஆகிய ஆண்டுகளிலும் நடந்த வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. வவுனியாப் பக்கம் ஓடியோர் அங்கும் காணியற்ற கூலிகளாயினர்.

1992 இல் நிர்வாகமும் அடுத்து வந்த ஆண்டுகளில் நீண்டகாலக் குத்தகையும் தனியார் கம்பனிகளிடம் சென்றன. தோட்டத்தில் பெயர்பதிந்த தொழிலாளர் தொகை அதன்பின் குறைந்துகொண்டே வந்துள்ளது. லயத்து இளைஞர் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கின்றனர். வேலைக்காக அறை என்ற பழைய தொடர்பு இவ்வாறு தளர்ந்துவிட்டது. அறை மட்டும் கம்பனிக் காணியில் நிற்கின்றது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடமளிக்கவில்லை. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. தோட்டத்தார் வாக்களிக்கலாம், சபையில் அமரலாம், ஆனால் தம் லயத்துக்குச் செல்லும் பாதைக்குக் கல்போடச் சபையால் இயலாது. 1937 ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வடிவில் முப்பத்தோராண்டு உயிர்வாழ்ந்தது எனலாம். பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 இல் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்சரிவு அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்டோருக்கு வேறு போக்கிடமாகச் சொந்த நிலம் ஓரடியும் இருக்கவில்லை.

2015 க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் தொடங்கிற்று. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த பாதையில், மலையகம் இருநூறு என்ற பெயரில் நடந்தோர் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியுரிமை தலையாயது. 2024 இல் நாட்கூலி 1,350 ரூபாவாக விதிக்கப்பட்டபோது செய்தித்தாள்கள் அதனை முதற்பக்கத்தில் வெளியிட்டன. காணி உறுதி எத்தனை குடும்பங்களின் கைக்கு வந்தது என்பது அத்தகைய செய்தியாவதில்லை. கம்பனிகளின் ஐம்பத்து மூன்றாண்டுக் குத்தகை 2045 இல் முடிவடையும். அக்குத்தகைப் பத்திரங்களில் ஏக்கர் கணக்கும் தொழிற்சாலையும் பங்களாவும் உள்ளன. லயங்களும் கம்பனிக்குரிய கட்டடங்களின் வரிசையிலேயே அடங்குகின்றன.